மந்திரவாதி ஊமத்தனுக்கு நான் சொன்ன தீர்ப்பு

கோர்ட்டில் வேலை பார்த்த காலத்தில் நான் அதிகம் எழுதிய சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: 'பொய்'. கையால் எழுதியிருக்கிறேன், டைப் அடித்திருக்கிறேன், கடைசிக் காலத்தில் கம்ப்யூட்டரிலும் தட்டியிருக்கிறேன். "அப்போ உங்களுக்குச் சம்பளமே பொய்க்குத்தானா அத்தை?" என்று என் மருமகள் ஒருமுறை கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான்.

விஷயம் இது. கிரிமினல் வழக்கில் சாட்சிகள் எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, குற்றம் சாட்டப்பட்டவரை நீதிபதி நேராகக் கேள்வி கேட்பார். இன்ன சாட்சி உங்களைப் பற்றி இப்படிச் சொல்லியிருக்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாக. சத்தியம் வாங்குவது கிடையாது. தன் பக்கத்தைச் சொல்ல அவருக்குச் சட்டம் கொடுக்கிற வாய்ப்பு அது. கோர்ட்டுத் தமிழில் அவருக்கு 'எதிரி' என்று பெயர். எதிரியின் வக்கீல் வராந்தாவிலேயே காதில் ஓதி அனுப்பிவிடுவார்: "எது கேட்டாலும் பொய்னு சொல்லிட்டு வா." அவரும் அப்படியே சொல்வார். நீதிபதிக்குக் கீழே பெஞ்ச் கிளார்க் நாற்காலியில் உட்கார்ந்து நான் எழுதுவேன்.

இப்போது கோர்ட்டில் இருக்கிற பிள்ளைகள் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் விடுவதில்லை. "மேடம், ஏதோ கதைல வர்ற மந்திரவாதிக்கு லைப்ரரில நீங்க தீர்ப்பு சொன்னீங்களாமே? கூட்டத்துல ஒருத்தர் எழுந்து நின்னாராமே?" ஆளுக்கொரு விதமாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஒருத்தன், மந்திரவாதியே நேரில் வந்தான் என்கிற அளவுக்குப் போய்விட்டான். இதற்கு மேல் விட்டால் கதைக்குக் கால் முளைத்துவிடும். நானே எழுதிவிடுகிறேன்.

வேலை கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றுமில்லை. டைப்பும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்தேன், பரீட்சை எழுதினேன், டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். ஊர் ஊராக மாற்றல் வாங்கி அலைந்து, பிறகு செஞ்சியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் ஒரு கோர்ட்டுக்குப் பெஞ்ச் கிளார்க்காக வந்தேன். எனக்கு முன் இருந்தவர் என்னிடம் ஒப்படைத்தவை ஒரு மேசை, ஓர் ஆடுகிற நாற்காலி, ஒரு கட்டுத் தாள். தாளில் பதில் எழுத வேண்டிய இடத்தில் எல்லாம் 'பொய்' என்று முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார். கேள்வியை மட்டும் நிரப்பினால் போதும், நேரம் மிச்சம் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் மண்பானை ஐயா மாற்றலாகி வந்தார். அந்தப் பெயர் நாங்கள் வைத்தது. ஒல்லியான மனிதர். தெற்கத்திப் பேச்சு. வந்த அன்றைக்கே கோர்ட் ஹாலில் ஒரு ஸ்டூல் போடச் சொல்லி, தான் கொண்டுவந்த மண்பானையை அதில் வைத்தார். வெயிலுக்குத் தனக்கு வைத்துக்கொள்கிறார் என்று நினைத்தோம். முதல் வழக்கில் எதிரியைக் கேள்வி கேட்கிற கட்டம் வந்தது. நான் தயாராக வைத்திருந்த தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இவர் இன்னும் வாயே தொறக்கலையேம்மா. இது யார் சொன்ன பதில்?"

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டவாலிப் பியூனைப் பார்த்து, "அவருக்குத் தண்ணி குடுங்க" என்றார். கூண்டில் நின்றவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் கேள்வி.

பிறகு ஒரு நாள் அவரிடமே கேட்டேன், எதற்கு சார் தண்ணீர் என்று. "பயத்துல நாக்கு மேல ஒட்டிக்கும்மா. ஒட்டிக்கிட்ட நாக்குல ஒரு வார்த்தைதான் வரும்" என்றார்.

அவர் கேள்வி கேட்கிற விதமே தனி. தாளில் இருக்கிற கோர்ட்டுத் தமிழை வாசிக்க மாட்டார். "உங்க பங்காளி இங்க வந்து, நீங்க வெட்டுக்கத்தியால அவரை வெட்டினீங்கன்னு சொன்னார். நீங்க என்ன சொல்றீங்க?" என்பார். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். அந்த மௌனத்தில் வக்கீல் இருமினால், "வக்கீல் சாருக்கும் தண்ணி குடுங்க" என்பார். அதற்குப் பிறகு ஒரு வக்கீலும் இருமியதில்லை. 'பொய்' என்று பதில் வந்தால் விடமாட்டார். "எது பொய்?" என்று கேட்பார். அப்படித்தான் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அடிச்சது நெஜம்தாங்க. வெட்டுக்கத்தின்றதுதான் பொய். அது வெளக்கமாறு" என்றார். டாக்டர் சர்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தால் வெட்டுக்காயமே இல்லை, சிராய்ப்புதான். கோர்ட்டே சிரித்தது. அந்த ஆள் ஜெயிலுக்குப் போகாமல் தப்பித்தது அந்த 'எது பொய்'யால்தான்.

எனக்கு ஆரம்பத்தில் ஆத்திரம் ஆத்திரமாக வரும். கட்டுக் கட்டாக வழக்கு கிடக்கிறது, கடைசி பஸ் போய்விடும், இவர் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று. ஆனால் கேட்டு எழுதுகிற பதிலுக்கும் எழுதி வைத்த பதிலுக்கும் வித்தியாசம் தெரிந்த பிறகு, பழைய தாள் கட்டை நானே கிழித்து டீக்கடைக்குக் கொடுத்தேன்.

இனி அந்த ஏரி வழக்கு.

பனமலைக்குப் போகிற பாதையில் ஓர் ஏரிக்கரை ஊர். பெயர் வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் ஏரி தளும்பி நின்றது. கரையின் நடுப்பகுதியில் கசிவு. நடுவில் உடைந்தால் பெரிய ஊரும் அதற்குக் கீழே இருக்கிற ஊர்களும் போகும். பொழுது விடிகிற நேரத்தில் கரையின் தெற்குக் கோடி அறுத்துக்கொண்டது. தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கம் இருந்த பள்ளத்தெருவுக்குள் இறங்கியது. பெரிய ஊர் பிழைத்தது. பள்ளத்தெருவில் வீடுகள் விழுந்தன. கரையடியில் இருந்த கொட்டகையில் மாடுகளை அவிழ்த்துவிடப் போன கோவிந்தன் என்பவர் திரும்பி வரவில்லை.

கரை தானாக அறுத்துக்கொள்ளவில்லை, வெட்டிவிட்டார்கள் என்று வழக்கு. எதிரி ஏழுமலை. அந்த ஏரிக்கு நீர்க்கட்டி, அதாவது ஏரித் தண்ணீரை முறை வைத்து வயல்களுக்குப் பங்கு பிரித்து விடுகிறவர். மதகில் கையை வைத்தே எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாயும் என்று சொல்லிவிடுவார் என்று சாட்சிகள் எல்லாருமே சொன்னார்கள், அவருக்கு எதிராக வந்தவர்கள் உட்பட. ஆனால் வெட்டியதைப் பார்த்தவர் யாரும் இல்லை. கையில் மம்முட்டியோடு அந்தப் பக்கமிருந்து நடந்து வந்தார் என்று ஒருவர் சொன்னார். கரை தானாகவும் உடைந்திருக்கலாம் என்று இன்ஜினியர் சொன்னார்.

ஏழுமலையைக் கேள்வி கேட்கப் போகிற நாள் காலையில், கோவிந்தனின் மனைவி அஞ்சலை என்னை வராந்தாவில் மடக்கினாள். சின்ன வயசு. இரண்டு பிள்ளைகள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"அம்மா, அவன ஒரு வார்த்த கேட்டுச் சொல்லும்மா. எங்க வூட்டுக்காரு கூப்ட்டாரான்னு. நான் புள்ளைங்கள இட்டுக்கினு பள்ளிக்கூடத்தாண்ட ஓடிட்டேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. கரமேல நின்னவனுக்குக் கேட்டுருக்கும்ல?"

நான் ஐயாவின் அறைக்குப் போய்ச் சொன்னேன். "கேக்க வேண்டிய கேள்விதாம்மா. ஆனா சாட்சியத்துல வராத ஒண்ணை நான் எதிரிகிட்ட கேக்க முடியாது. இந்த ரூம்ல அதுக்கு எடமில்ல" என்றார்.

"வேற எந்த ரூம் சார்?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் படபடப்பில் வந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குக் கிளம்பினார்.

அன்று ஏழுமலைக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். டம்ளரை வாங்கினார். குடிக்கவில்லை. கூண்டின் விளிம்பில் வைத்துவிட்டார். ஐயா ஒவ்வொன்றாகக் கேட்டார். "பொய்ங்க", "பொய்ங்க". "எது பொய்?" என்று வழக்கம்போல் ஐயா கேட்டபோது, அந்த மனிதர் வக்கீலைப் பார்க்கவில்லை, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார், மூடினார். இதோ சொல்லப் போகிறார் என்று நான் பேனாவைத் தாளில் ஊன்றிவிட்டேன்.

"எல்லாமே பொய்ங்க."

எழுதினேன். வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து ஐயா விடுதலை செய்தார். சட்டப்படி அதுதான் சரியான தீர்ப்பு, இன்றைக்கும் அதையே சொல்வேன். ஆனால் அஞ்சலை பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கோர்ட் படியிறங்கிப் போனது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஐயா மாற்றலாகிப் போகும்போது பானையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சந்தையில் ஒன்று வாங்கி அதே ஸ்டூலில் வைத்தேன். பின்னால் வந்த நீதிபதிகளில் சிலர் சிரித்தார்கள், சிலர் கடைப்பிடித்தார்கள். நான் தலைமை எழுத்தராகி ஓய்வு பெறும்வரை பானை அங்கே இருந்தது.

ஓய்வுக்குப் பிறகு செஞ்சி நூலகத்தில் வாசகர் வட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். வருடத்துக்கு ஒருமுறை அங்கே வழக்காடு மன்றம் நடக்கும். கதையில் வருகிற ஒரு பாத்திரத்தைக் கூண்டில் ஏற்றி, ஒருவர் குற்றம் சாட்ட, ஒருவர் மறுத்துப் பேச, நடுவர் தீர்ப்பு சொல்வார். வழக்கமாகப் புராணத்து ஆட்கள்தான் மாட்டுவார்கள். போன முறை, 'ஏழாம் மதகு' என்று புதிதாக வந்த ஒரு மாயாஜால நாவலை எடுத்தார்கள். எழுதியவர் மலர்விழி, அனந்தபுரத்தில் டீச்சர். பேசுவதற்குப் போட்டி போட்டார்கள். தீர்ப்பு சொல்ல மட்டும் ஆளில்லை, நூலகர் என்னைக் கேட்டார். அத்தனை வருடம் கீழே உட்கார்ந்தவளுக்கு மேல் நாற்காலி மீது ஒரு நப்பாசை இருக்காதா? சரி என்றேன்.

நாவலின் கதாநாயகன் ஊமத்தன் என்ற மந்திரவாதி. வில்லனும் அவனேதான். தண்ணீர் அவன் சொன்னபடி கேட்கும். நோயைத் தீர்ப்பான், கூலியாக அந்த ஆளின் ஒரு ஞாபகத்தை எடுத்துக்கொள்வான். ராஜாவை ஆட்டி வைப்பான், பஞ்சத்தில் ராஜாவின் களஞ்சியத்தை உடைத்து ஊருக்குச் சோறும் போடுவான். ஒரு பக்கத்தில் அவனைக் கும்பிடத் தோன்றும், அடுத்த பக்கத்தில் அறையத் தோன்றும். அவன் சக்திக்கு ஒரே ஒரு நிபந்தனை. பொய் சொன்னால் மந்திரம் போய்விடும்.

பெருமழையில் பேரேரி உடையப் போகிறது. கோட்டையைக் காப்பாற்ற ஊமத்தன் தண்ணீரைப் பள்ளக்குடி என்ற சேரியின் பக்கம் திருப்புகிறான். முன்னால் அவர்களுக்குச் சொல்லவும் இல்லை. மறுநாள் அங்கே ஒரு தாய் அவனிடம் வந்து கேட்கிறாள்: "என் மகன் குரல் கொடுத்தானா? உனக்குக் கேட்டதா?" ஊமத்தன் சொல்கிறான்: "கேட்கவில்லை."

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அஞ்சலையின் கேள்வி. எனக்கும் ஐயாவுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாத கேள்வி இந்தப் புத்தகத்துக்குள் எப்படி வந்தது? கரையை வெட்டியவன் வீட்டு ஆள்தான் இப்படி எழுத முடியும் என்று பட்டது. நூலகரிடம் நம்பர் வாங்கி மலர்விழியை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

வந்தவளை உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்டேன். "நீ ஏழுமலை பொண்ணா?"

"ஆமா மேடம். நீங்க அந்தக் கோர்ட்டுல இருந்தீங்கன்னு தெரியும். உங்களக் கூப்புடச் சொன்னதே நான்தான்" என்றாள். அப்புறம் சொன்னாள்: "சின்னப் புள்ளைல நைனா கையப் புடிச்சிக்கினு ரேஷன் கடைல நின்னேன். அஞ்சலம்மா வந்து இதே கேள்வியக் கேட்டாங்க. நைனா கேக்கலன்னு சொன்னாரு. அன்னைலேந்து அவர் மதகுப் பக்கம் போகல, மம்முட்டி தொடல. நீர்க்கட்டி வேலைய வேற ஆளுக்கு வுட்டுட்டாரு. அவர் சொன்னது பொய்யான்னு எனக்குத் தெரியாது மேடம். தண்ணி அவர வுட்டுப் போயிடுச்சின்னு மட்டும் தெரியும்."

"இப்போ என்கிட்ட என்ன எதிர்பார்க்கிற?"

"நைனாவ இட்டுக்கினு வரேன். ஊமத்தனுக்கு நீங்க சொல்ற தீர்ப்பு அவருக்கும்தான். பாவம், வயசாயிடுச்சின்னு மட்டும் வுட்றாதீங்க. ஊர்ல எல்லாரும் பாவம்னு வுட்டு வுட்டுத்தான் அவர் இப்புடி ஆயிட்டாரு."

நான் இரண்டு நிபந்தனை போட்டேன். அஞ்சலையும் வர வேண்டும், நானே போய் அழைப்பேன். அஞ்சலை வருகிறாள் என்பது ஏழுமலைக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். எதிரிக்குத் தெரியாமல் சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்துகிற வேலை என்னிடம் நடக்காது. மலர்விழி கொஞ்சம் தயங்கினாள். சரி என்று போனாள்.

பள்ளத்தெருவுக்குப் பஸ் ஏறிப் போனேன். அஞ்சலைக்குத் தலை நரைத்திருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். விஷயத்தைச் சொன்னதும், "கதைல வர்ற மந்திரவாதிக்குத் தீர்ப்பா? வேற வேல இல்ல உங்களுக்கு? எனக்கு அங்க இன்னா வேல?" என்றாள்.

"அன்னைக்கு வராந்தால நீ கேட்ட கேள்வி அந்தக் கதையில இருக்குது. கேக்கறதுக்கு இப்போ ஒரு எடம் கெடைச்சிருக்குது. ஏழுமலையும் வர்றாரு" என்றேன். அவள் ஆட்டை விரட்டுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பாமலே, "எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நூலக ஹாலில் நாற்காலி போதாமல் வாசலிலும் நின்றார்கள். ஓய்வு பெற்றபோது வீட்டுக்கு எடுத்து வந்திருந்த பானையைக் கொண்டுபோய் ஸ்டூலில் வைத்தேன். முன்னால் ஊமத்தனுக்காக ஒரு காலி நாற்காலி. ஏழுமலை மகளோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். அஞ்சலை கடைசி வரிசையில்.

குற்றம் சாட்டியவர் புவனா டீச்சர். "ஊருக்காக யாரைப் பலி கொடுப்பது என்று முடிவெடுக்கிறவன், ஒருநாளும் தன் வீட்டுப் பக்கம் கை காட்டுவதில்லை" என்று ஒரே போடாகப் போட்டார். மறுத்தவர் எங்கள் ஊர் இளம் வக்கீல். "கை கட்டி நின்றிருந்தால் கோட்டையும் போயிருக்கும், பள்ளக்குடியும் போயிருக்கும். ஒன்றும் செய்யாமல் வேடிக்கை பார்த்தவனை எந்தக் கோர்ட் கூண்டில் ஏற்றியிருக்கிறது?" என்றார். இரண்டு பேருக்கும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வழக்கமாக இதோடு நடுவர் எழுந்து தீர்ப்பு சொல்லி, பொன்னாடை போட்டு, டீ கொடுத்துவிடுவார்கள்.

"தீர்ப்புக்கு இன்னும் நேரமாகவில்லை. எதிரியைக் கேள்வி கேட்க வேண்டும்" என்றேன்.

நூலகர் முழித்தார். காலி நாற்காலியை எப்படிக் கேட்பது? புத்தகத்தில் ஊமத்தன் வாயால் சொன்னது மட்டும்தான் பதில், வேறு யார் கற்பனையும் கூடாது என்றேன். எழுதியவருக்கும் அனுமதி இல்லை. முதல் கேள்வியைக் கேட்டேன். "கூலியாக நீ மனிதர்களின் ஞாபகங்களை எடுத்துக்கொண்டதாகச் சாட்சி இருக்கிறது. என்ன சொல்கிறாய்?"

வக்கீல் சட்டென்று எழுந்து, "பொய்" என்றார். பழக்க தோஷம்.

வாசலில் நின்ற ஒருவர், "யோவ் வக்கீலு, பொய் சொன்னா அவனுக்கு மந்திரம் போயிடும்யா!" என்று கத்தினார். சிரிப்பில் ஹாலே அதிர்ந்தது. வக்கீலும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நான் புவனா டீச்சரைப் பக்கத்தைப் புரட்டச் சொன்னேன். ஊமத்தன் அங்கே 'ஆம்' என்றுதான் சொல்லியிருந்தான். அடுத்ததற்கும் 'ஆம்'. தண்ணீரைத் திருப்பியது நீதானா? 'நான்தான்.' பள்ளக்குடிக்கு முன்கூட்டிச் சொன்னாயா? 'இல்லை. சொன்னால் தடுத்திருப்பார்கள்.' இதை டீச்சர் வாசித்தபோது ஹாலில் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தாயின் மகன் குரல் கொடுத்தது உனக்குக் கேட்டதா?"

டீச்சர் வாசித்தார்: "கேட்கவில்லை."

"அந்தப் பதில் உண்மையா?"

டீச்சர் பக்கங்களைப் புரட்டினார். "அதுக்குப் பதில் இல்லீங்க. ஆனா அதுக்கப்புறம் எந்தப் பக்கத்துலயும் தண்ணி அவன் பேச்சைக் கேக்கவே இல்ல. கைய வெச்சா கை நனையுது, அவ்வளவுதான்."

வக்கீல் எழுந்தார். இந்த முறை யோசித்துத்தான் பேசினார். "அப்படியே பொய்யாக இருந்தாலும், அது கருணையில் சொன்னது. அந்தத் தாய்க்கு அதில் ஒரு நிம்மதி..."

"இன்னா நிம்மதி அது?"

கடைசி வரிசையிலிருந்து அஞ்சலையின் குரல். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

"உண்மையான பதில் வராமல் நான் தீர்ப்பு சொல்வதாக இல்லை" என்றேன். சொல்லிவிட்டு ஐயா காத்திருப்பது போலக் காத்திருந்தேன். மின்விசிறி சுற்றியது. நூலகர் கடிகாரத்தைப் பார்த்தார். என்ன ஆனாலும் சரி, இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வக்கீல் இருமினார்.

"வக்கீல் சாருக்குத் தண்ணி குடுங்க."

யாரோ சிரித்தார்கள். அப்போது ஏழுமலை எழுந்தார். நேராகப் பானையிடம் வந்தார். தானே மொண்டு, அண்ணாந்து, டம்ளரைக் காலி செய்தார். பிறகு காலி நாற்காலியைத் தாண்டி, கடைசி வரிசைக்குப் போய் அஞ்சலைக்கு முன்னால் நின்றார்.

"கரைய நான்தான் வெட்டுனேன். உங்களுக்குச் சொல்லல. சொன்னா வந்து குறுக்க படுத்துக்குவீங்கன்னு சொல்லல."

"வெட்டுனது எனக்கு அன்னைக்கே தெரியும். அதக் கேக்க நான் வர்ல" என்றாள் அஞ்சலை. "கூப்ட்டாரா, இல்லியா?"

"கூப்ட்டான். கேட்டுச்சு."

"அன்னைக்கு ஏன் கேக்கலன்ன?"

"கேட்டுச்சின்னா, ஏன்டா எறங்கலன்னு கேப்ப."

"ஏன் எறங்கல?"

"பயம்" என்றார் ஏழுமலை.

அஞ்சலை அவரை முறைத்துப் பார்த்தாள். அடித்துவிடுவாள் என்றே நினைத்தேன். மலர்விழி பாதி எழுந்துவிட்டாள், நான் கையைக் காட்டி உட்கார வைத்தேன். அஞ்சலை கேட்டது வேறு.

"இன்னான்னு கூப்ட்டாரு?"

"ஒம் பேரச் சொல்லித்தான். மாட்ட அவுத்துட்டேன் அஞ்சல, நீ புள்ளைங்கள கெட்டியாப் புடிச்சிக்கோன்னான். ரெண்டு வாட்டி சொன்னான்."

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அத்தனை வருடம் அந்த மனுஷனின் கடைசி வார்த்தை ஒரே ஒரு ஆளிடம் இருந்திருக்கிறது. எதைக் கேட்டாலும் பொய் என்று சொல்லப் பழக்கிவிட்ட வாய்க்குள் அது மாட்டிக்கொண்டிருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

"இன்னொரு தபா சொல்லு" என்றாள் அஞ்சலை.

அவர் சொன்னார்.

அதற்குப் பிறகு தீர்ப்பைக் கேட்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை. ஆனாலும் சொல்லாமல் எழுந்திருப்பது முறையில்லை என்று சொன்னேன். "ஊமத்தன் தண்ணீரைத் திருப்பியது குற்றமா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று அந்தக் கரைமேல் நான் நிற்கவில்லை. பள்ளக்குடிக்கு முன்கூட்டிச் சொல்லாதது குற்றம். கேட்ட குரலைக் கேட்கவில்லை என்றது அதைவிடப் பெரிய குற்றம். அந்தக் குரல் அவனுடைய சொத்து கிடையாது, அந்தத் தாய்க்குச் சேர வேண்டியது. ஆகவே குற்றவாளி. தண்டனை, அவள் எப்போது வந்து கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும், அவன் அதைச் சொல்ல வேண்டும். இதற்கு அப்பீல் கிடையாது."

வக்கீல் வெளியே வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார். "மேடம், அந்தப் பெரியவருக்கு இதனால கேஸ் ஏதாவது..." ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது, படித்ததை மறந்துவிட்டாயா என்று கேட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அஞ்சலை அவரை மன்னித்தாளா என்று கோர்ட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. அதைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்தது இதுதான். மழை ஆரம்பித்த பிறகு ஒரு நாள் மத்தியானம் மலர்விழி போன் செய்தாள். ஏரி நிரம்பிவிட்டதாம். பின்னால் யாரோ பேசுகிற சத்தம் கேட்டது.

"யாரும்மா வந்திருக்காங்க?"

"அஞ்சலம்மா. தீர்ப்புல சொன்னீங்களே மேடம், அதுக்கு வந்துருக்காங்க. இது எத்தனாவது வாட்டின்னே தெரியல. இருங்க, கேளுங்க" என்று போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"இப்புடி முணுமுணுன்னா எனக்கு இன்னா தெரியும்? அவர் எப்புடிக் கத்துனாரோ அப்புடியே கத்து" என்று அஞ்சலை அதட்டுவது கேட்டது. பின்னால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு கிழட்டுத் தொண்டையை எட்டுமட்டும் திறந்து ஏழுமலை கத்தினார்.

"மாட்ட அவுத்துட்டேன் அஞ்சலே! நீ புள்ளைங்கள கெட்டியாப் புடிச்சிக்கோ!"